மிஸ் பெட்டிக்ரூ: கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வயது 44. பதினெட்டு வருஷம் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். போன வருஷம் ஆட்குறைப்பு என்று நிறுத்திவிட்டார்கள். விவாகரத்து அதற்கு முன்பே ஆகிவிட்டது. இப்போது என் தோழி நடத்தும் கேட்டரிங்கில் ஆர்டர், கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். சொல்லப்போனால் பிடித்துத்தான் செய்கிறேன்.

நீங்கள் ஒரு உரையில் சொன்னதைக் கேட்டு, வினிஃப்ரெட் வாட்சன் எழுதிய 'மிஸ் பெட்டிக்ரூ லிவ்ஸ் ஃபார் எ டே' நாவலை மகளிடம் சொல்லி வாங்கிப் படித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "ஒரே நாளில் வேலையும் கிடைத்து ஆளும் கிடைப்பதெல்லாம் பொய் நம்பிக்கை, உங்கள் நிலைமையில் இதைப் படிக்கவே கூடாது" என்றார். அவர் சொல்வது சரியா? இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு பெண் வாழ்க்கையை மறுபடி தொடங்கினால், கடைசியில் ஒரு ஆண் வந்துதான் ஆகவேண்டுமா?

என் பெயரைப் போட வேண்டாம்.

---

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நாவலின் முதல் சில பக்கங்களை மட்டும் அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவற்றில் எங்கே பொய் நம்பிக்கை இருக்கிறது என்று கேளுங்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவல் 1938இல் வெளிவந்தது. கதை நடப்பது லண்டனில், பனிமூட்டமும் தூறலுமான ஒரு நவம்பர் நாளில். பணக்கார வீடுகளில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸ் வேலை பார்ப்பவள் மிஸ் பெட்டிக்ரூ. நடுவயது. கையில் காசில்லை, போக இடமில்லை. வேலை வாங்கித் தரும் ஏஜென்சி அவளை ஒரு விலாசத்துக்கு அனுப்புகிறது. கதவைத் திறப்பவள் டெலீசியா லாஃபோஸ், நைட் கிளப் பாடகி. அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. டெலீசியாவுக்கு இருப்பதெல்லாம் மூன்று காதலர்கள். ஒருவன் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறான், வாடகை கொடுக்கும் இன்னொருவன் எந்த நேரமும் வந்துவிடலாம். மிஸ் பெட்டிக்ரூ 'நான் வேலை விஷயமாக வந்தேன்' என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் ஏதாவது குறுக்கே வந்துவிடுகிறது. அத்தியாயங்களுக்குத் தலைப்பே கடிகார நேரம்தான். காலை 9.15க்குத் தொடங்கும் கதை மறுநாள் அதிகாலை வரை போகிறது.

நாம் சிரிப்பது இந்தக் குழப்பத்துக்கு. அவள் மனதில் நாள் முழுக்க ஓடுவதோ வேறு. இந்த வீட்டை விட்டு வெளியே போனால் அடுத்தது வொர்க்ஹவுஸ், அதாவது ஆதரவற்றவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதி. சட்டப்படி அந்த ஏற்பாடு 1930இல் முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் பல ஊர்களில் அதே கட்டடம் வேறு பெயரில் நடந்தது, ஜனங்களுக்கு இருந்த பயமும் போகவில்லை. அந்தக் காலத்தில் அங்கே வேலையிழந்தோருக்குக் காப்பீடு உண்டு, ஆனால் வீட்டு வேலை செய்பவர்களை அதில் சேர்க்கவில்லை. 1921 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 லட்சம் பேர் அதிகம். முதல் உலகப் போரில் ஏராளமான இளைஞர்கள் செத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். கல்யாணம் ஆகாத பெண்களை 'உபரிப் பெண்கள்' என்றே பத்திரிகைகள் எழுதின. மிஸ் பெட்டிக்ரூ அவர்களில் ஒருத்தி. இதெல்லாம் தெரிந்த வாசகருக்கு எழுதப்பட்ட நாவல் இது. அடியில் அந்தப் பயம் ஓடுவதால்தான் மேலே அத்தனை சிரிப்பு வருகிறது. பயத்தை எடுத்துவிட்டால் வெறும் கதவு திறந்து மூடும் நாடகமாகிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மிஸ் பெட்டிக்ரூ நல்ல கவர்னஸ் இல்லை. நாவல் அதை மறைக்கவே இல்லை. குழந்தைகளைக் கண்டாலே அவளுக்கு உதறல், எந்த வீட்டிலும் நிலைக்கவில்லை. தனக்கு ஒத்துவராத ஒரு வேலையை, வேறு வழி தெரியாததால் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தவள். டெலீசியாவின் வீட்டில் அவள் திடீரென்று வேறு மனுஷியாக மாறுவதில்லை. வாடகை கொடுக்கும் நிக் வந்து அதிகாரம் பண்ணும்போது என்ன செய்கிறாள் பாருங்கள். தன்னை ஆட்டிவைத்த பழைய எஜமானி ஒருத்தியின் தோரணையை, குரலை அப்படியே எடுத்துக்கொண்டு அவன் முன்னால் நிற்கிறாள். எத்தனையோ வீடுகளின் மூலையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், யார் யாரை எப்படி மடக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தவள் அல்லவா? பார்த்ததெல்லாம் உள்ளே சேர்ந்திருக்கிறது. செலவழிக்க இடம்தான் இல்லாமல் இருந்தது. டெலீசியா வாயடைத்துப்போகிறாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு மிஸ் பெட்டிக்ரூ இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது.

ஒரே நாளில் வாழ்க்கை மாறுவது நம்பும்படி இல்லை என்கிறார் உங்கள் நண்பர். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் இருக்கும் வருஷங்களை அவர் பார்க்கவில்லை.

இதை எழுதியவரின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. வினிஃப்ரெட் வாட்சன் 1906இல் பிறந்தவர், இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாஸில் பக்கம் வாழ்ந்தவர். அப்பாவின் செருப்புக் கடை வியாபாரம் பொருளாதார வீழ்ச்சியில் நொடித்துப்போனதால் மேலே படிக்க முடியாமல் செக்ரட்டரி வேலைக்குப் போனார். காலையில் அங்கே வேலை ரொம்பக் குறைவு. வேண்டுமானால் பின்னல் எடுத்து வந்து பின்னு என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். வாட்சன் அந்த நேரத்தில் நாவல் எழுதினார். முதலில் எழுதியது கிராமத்துக் கதை. அது ஓடியதும் பதிப்பகம் இன்னொரு கிராமத்துக் கதையைத்தான் எதிர்பார்த்தது, 'மிஸ் பெட்டிக்ரூ'வைக் கண்டு தயங்கியது. அவர் விடவில்லை. புத்தகம் நன்றாகவே விற்றது. ஹாலிவுட்டில் யூனிவர்சல் படக் கம்பெனி அதைப் பாட்டுப் படமாக எடுக்க உரிமை வாங்கியது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரில் அமெரிக்கக் கடற்படையைத் தாக்கியது, அமெரிக்கா போரில் இறங்கியது, படம் நின்றுபோனது. போரில் குண்டுவீச்சு, கைக்குழந்தை, இன்னொருவர் வீட்டில் நெருக்கடியான குடித்தனம். தனியாக உட்கார நேரமே கிடைக்காமல் எழுத்து நின்றுவிட்டது. ஆறு நாவல்களோடு சரி. 2000இல் பெர்ஸெஃபனி பதிப்பகம் இந்த நாவலை மறுபடி அச்சிட்டபோது அவருக்கு 90 வயது தாண்டியிருந்தது. அந்தப் பதிப்பு பரவலாக வாசிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு 2002இல் இறந்தார். அவர் சம்பந்தப்பட்ட இந்த இரண்டாம் தொடக்கம் எனக்கு நாவலைவிடவும் மனதை அசைக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது. நடுவே போன ஐம்பது சொச்சம் வருஷத்தில் எழுதப்படாமல் போன புத்தகங்கள் எத்தனையோ.

குறையையும் சொல்லியாக வேண்டும். காதலர்களில் ஒருவனிடம் யூதச் சாயல் தெரிகிறது என்றும், இன்னொருவனின் இத்தாலிய ரத்தத்தை நம்பக்கூடாது என்றும் மிஸ் பெட்டிக்ரூ பேசும் இடங்கள் இருக்கின்றன. 1938இல், ஐரோப்பாவில் யூதர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்ததோ அந்தக் காலத்தில், ஒரு இனிமையான கதையின் நடுவே இது சாதாரணமாக வந்துபோகிறது. எனக்கு அந்த வரிகள் கசக்கின்றன. 'அந்தக் காலம் அப்படி' என்று தாண்டிப்போக மனம் வரவில்லை. உங்கள் மகள் படித்தால் இதைப் பற்றி அவளோடு பேசுங்கள்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. மிஸ் பெட்டிக்ரூவுக்குக் கடைசியில் கிடைக்கும் ஜோ வராவிட்டாலும் இந்த நாவல் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜோ பெண்கள் இடுப்பை இறுக்க அணியும் கார்செட் என்ற உள்ளாடை வியாபாரம் செய்பவர், ஐம்பதை ஒட்டிய மனிதர். அவரை எனக்குப் பிடிக்கும். மிஸ் பெட்டிக்ரூவோடு நடனமாடும்போது பகட்டில்லாமல் பேசுகிறார். ஆனாலும் நாவலின் பெரிய அன்பு இரண்டு பெண்களுக்கு நடுவே இருப்பது. டெலீசியா அவளிடம் சான்றிதழ் கேட்கவில்லை, பழைய எஜமானிகளைப் பற்றி விசாரிக்கவில்லை. தன் உடையைக் கொடுத்து, தோழிகளை வைத்து அலங்காரம் செய்து, கையைப் பிடித்து அழைத்துப்போகிறாள். பவுடர் பூசுவதே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் இடம் நினைவிருக்கிறதா? அங்கே ஆண் யாரும் இல்லை, அவள் சந்தோஷத்துக்கு எந்தக் குறையும் இல்லை. காதல் அதற்குப் பிறகு வருகிறது. யாருமே தன்னைத் திரும்பிப் பார்த்ததில்லை என்று வாழ்ந்தவளுக்கு அதுவும் கிடைக்கட்டும் என்று வாட்சன் நினைத்தார், நானும் அப்படியே நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்லமுடியும். நாற்பத்து நான்கில் வேண்டும் என்று தோன்றினால் அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எனக்கு உறுத்தும் இடம் வேறு. கடைசியில் டெலீசியா அவளைத் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள அழைக்கிறாள். படிக்கும்போது கண் நிறைகிறது. ஆனால் அது இன்னொருவரின் வீடு, இன்னொருவரின் நல்ல மனதை நம்பிய ஏற்பாடு. அவளைப்போன்ற ஒரு பெண்ணுக்கு 1938இல் அதற்கு மேல் கேட்க முடியாது. உங்களால் முடியும். கேட்டரிங்கில் உங்களுக்குச் சம்பளமா, பங்கா என்று கடிதத்தில் இல்லை. கணக்கு பார்ப்பது நீங்கள் என்பதால் லாபம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெருங்கிய தோழியாகவே இருந்தாலும் உட்கார்ந்து பேசி, பங்கு எவ்வளவு என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்