‘இருந்தார்களாம்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நகோயாவில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் நடுவான என்3 முடித்துவிட்டேன். அலுவலக மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு எல்லாம் சமாளித்துவிடுவேன். போன மாதம் பழைய புத்தகக் கடையில் 110 யென்னுக்கு ‘மொமொதாரோ’ (பீச் பழத்திலிருந்து பிறந்த பையனின் கதை) படக்கதை ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. முழுக்க ஹிராகானா, அதாவது ஒலியை மட்டும் காட்டும் எழுத்து. கடைசியில் கைப்பேசிக் கேமராவைப் பக்கத்தின் மேல் காட்டி, மொழிபெயர்ப்பைப் படித்து முடித்தேன். குழந்தைக் கதைதானே, இதுகூட வரவில்லையே என்று வெட்கமாகிவிட்டது.

பழங்கதைகளை வைத்து வாசிக்கப் பழகுவது சரியான வழிதானா? அதிலுள்ள பழைய நடை என் பேச்சைக் கெடுத்துவிடாதா? சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து எத்தனை தெரிந்தபின் தொடங்கலாம்? எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று பேராசிரியர் ஓனோ சுசுமு சொன்னது உண்மையா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

‘இருந்தார்களாம்’ என்பதில் வரும் ‘ஆம்’ விகுதி கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் நேராக அதில் வந்து இடித்தது. அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் வெட்கத்தை விடுங்கள். ஹிராகானா மட்டும் உள்ள பக்கம் எளிது என்று யார் சொன்னது? பெரியவர்களாகி அந்த மொழிக்குள் போகிறவர்களுக்கு அதுதான் கடினம். கான்ஜி இருந்தால் கண் சொல்லைச் சொல்லாகப் பிடித்துக்கொள்ளும். ஹிராகானாவில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஜப்பானியக் குழந்தைகளே சொல்லிச் சிரிக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘நிவானிவானிவானிவாதோரிகா இரு’. தோட்டத்தில் இரண்டு கோழிகள் இருக்கின்றன என்று அர்த்தம். படக்கதைகளில் இடைவெளி விட்டுத்தான் அச்சிடுகிறார்கள், ஆனாலும் பழகாத கண் தடுமாறத்தான் செய்யும். அந்தப் பக்கம் கண்ணுக்காக எழுதப்பட்டதல்ல. ஐந்து வயதுக் குழந்தை அதைப் பிரிப்பதற்கு முன்பே யாரோ மடியில் வைத்துக்கொண்டு பத்து முறை சொல்லியிருப்பார்கள். அதன் காதில் இருப்பதைத்தான் கண் தேடுகிறது. உங்கள் காதில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வாய்விட்டுப் படியுங்கள். பாதித் தடுமாற்றம் அங்கேயே போய்விடும்.

எத்தனை கான்ஜி என்ற கேள்விக்கு ஒரே பதில்: இன்றைக்கே தொடங்குங்கள். தொடக்கப்பள்ளி ஆறு வருடத்துக்கு 1026, பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136. இதையெல்லாம் எண்ணி முடித்துவிட்டுக் கதைக்கு வரலாம் என்று நினைத்தால் வரவே மாட்டீர்கள். பழைய நடை பேச்சைக் கெடுக்குமா என்றால், கெடுக்காது. கதையில் வரும் தாத்தா தன்னை ‘வாஷி’ என்பார், வாக்கியத்தை ‘ஜா’ என்று முடிப்பார். ராஜா கதை கேட்டு வளர்ந்த நாம் யாரும் கடைக்காரரிடம் போய் ‘யாரங்கே’ என்று கேட்பதில்லையே.

ஓனோ விஷயத்தை இங்கே பேசப்போவதில்லை. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் கையிலிருக்கும் பக்கத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நன்றி மறவாத கொக்கின் கதை தெரியுமா? காயம்பட்ட கொக்கை ஒருவன் காப்பாற்றுகிறான். அது பெண்ணாக வந்து, தன் இறகையே பிடுங்கி அவனுக்குத் துணி நெய்து கொடுக்கிறது. பார்க்கக் கூடாது என்று சொல்லியும் அவன் எட்டிப் பார்த்துவிடுகிறான். கடைசி வரியில் ‘தொந்தே இத்தே ஷிமாய்மாஷிதா’ என்று வரும். தொந்தே, பறந்து. இத்தே, போய். ஷிமாய்மாஷிதா, விட்டது. பறந்து போய்விட்டது. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை, பாருங்கள். ‘தபெதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘கைதே ஒகு’ என்றால் எழுதி வை. அந்த ‘விட்டது’ எவ்வளவு கனமான சொல் என்று தமிழ் பேசுகிற உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இனி அது திரும்பி வராது என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. இப்படி ஒரு காது வாய்த்திருக்கும்போது, தம்பி, கைப்பேசியைத் தூக்கிப் பக்கத்தின் மேல் காட்டினேன் என்கிறீர்களே! அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

காரணம் சொல்கிறேன். செண்டாய் நகரத்தில் நான்கு வருடம் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த நூலகத்தில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்து சொல்வார். மொழிப்பள்ளியில் என்னை அடுத்த நிலைக்கு ஏற்ற மறுத்திருந்தார்கள். அந்த வருத்தத்தோடு ஒருநாள் போய்க் குழந்தைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு மொமொதாரோ. தாத்தா மலைக்கு ‘ஷிபாகாரி’க்குப் போனார் என்று தொடங்கும் அல்லவா? ஷிபா என்றால் புல்தரை என்றுதான் எனக்குத் தெரியும். மலையில் போய்ப் புல்தரையை எதற்கு வெட்டுகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு பையனும் அதையே கேட்டான். பாட்டி தன் பைக்குள் கைவிட்டு, வைக்கோல் கயிற்றால் கட்டிய ஒரு பிடி காய்ந்த சுள்ளியை எடுத்துத் தரையில் வைத்தார். “இதுதான் ஷிபா. இது இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு வேகாது” என்றார். பையன் அதைத் தொட்டுப் பார்த்தான். நானும் எட்டித் தொட்டேன். கான்ஜியில் இரண்டு ஷிபாவும் வேறு வேறு. ஹிராகானாவில் ஒன்றேதான்.

அதற்கப்புறம் அந்தப் பாட்டி என்னை விடவில்லை. ‘கஸா ஜிஸோ’ என்ற ஒரே கதையை ஒரு குளிர்காலம் முழுக்க என்னைப் படிக்க வைத்தார். வருடத்தின் கடைசி நாள். ஏழைக் கிழவர் தலைக்கவிகைகளை, அதாவது குடைபோல விரிந்த தொப்பிகளை, விற்கச் சந்தைக்குப் போகிறார். ஒன்றும் விற்கவில்லை. பனியில் திரும்பும்போது வழியோரம் ஜிஸோ என்ற காவல் சாமியின் ஆறு சிலைகள், தலையில் பனி மூடி நிற்கின்றன. கையிலிருந்த ஐந்து கவிகைகளை ஐந்து சிலைகளுக்குப் போட்டுவிட்டு, ஆறாவதற்குத் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார். பனி பெய்வதற்கு ‘ஷின்ஷின்’ என்று ஒரு சொல் வரும். சத்தமே இல்லாததற்கு ஒரு இரட்டைக்கிளவி. அதை முதலில் கேட்டபோது ஜன்னலைப் பார்த்தேன், வெளியே அப்படித்தான் பெய்துகொண்டிருந்தது.

இந்தக் கதைக்குச் சொந்தக்காரர் கிடையாது. அதனால் ஊருக்கு ஊர், புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். சிலைகளின் எண்ணிக்கை மாறும், சிலவற்றில் கடைசிச் சிலைக்குத் துண்டுக்குப் பதில் தன் கவிகையையே கொடுப்பார். பாட்டி மூன்று புத்தகங்களை விரித்து வைத்து, ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்கச் சொன்னார். அரிசி வாங்கக் காசில்லாமல் திரும்பிய கிழவரிடம் கிழவி சொல்லும் வரி. ஒன்றில் ‘ஈ கொதோ ஒ ஷிமாஷிதா நே’, நல்ல காரியம் செய்தீர்கள். இன்னொன்றில் ‘ஷினசுத்தா’, அதே செயல்தான், ஆனால் கிழவருக்கு ஒரு படி மரியாதை கூடுகிறது, நாட்டுப்புற வாசமும் சேர்கிறது. வேறொன்றில் ‘ஷிதே குரெதா’, செய்து கொடுத்தீர்கள். சிலைக்குச் செய்தது தனக்கே செய்ததுபோல அவள் வாங்கிக்கொள்கிறாள். மூன்று கிழவிகள், தம்பி. மூன்று குடும்பங்கள். உங்கள் கைப்பேசியைக் காட்டியிருந்தால் மூன்றுக்கும் ஒரே வரிதான் வந்திருக்கும்.

ஜப்பானிய மொழியின் உயிர் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. யார், யாரிடம், எந்த மனதோடு, கண்ணால் கண்டா, காதால் கேட்டா என்பதெல்லாம் அங்கேதான். அலுவலக மின்னஞ்சல் உங்களுக்கு இரண்டு மூன்று வால்களைத்தான் கற்றுக்கொடுக்கும். பழங்கதையில் அவை எல்லாமே இருக்கின்றன.

அந்த வசந்தத்தில் பாட்டி என்னை இவாத்தே மாநிலத்திலுள்ள தோனோவுக்கு அழைத்துப் போனார். ஷின்-ஹானாமாகியில் இறங்கி, கமாய்ஷி தடத்தில் சின்ன ரயில். அங்கே ஒரு கதைசொல்லி மூதாட்டி கணப்பைச் சுற்றி எங்களை உட்காரவைத்தார். வட்டார வழக்கு. பத்தில் இரண்டுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் முதல் வரி இன்னும் காதில் இருக்கிறது: ‘முகாஷி அத்தா ஸுமோனா’. முன்னொரு காலத்தில் இருந்ததாம். கதை முடியும்போது ‘தொந்தோஹாரே’. யானாகிதா குனியோ 1910இல் வெளியிட்ட தோனோ கதைகள், சசாகி கிஸென் என்ற அந்த ஊர்க்காரர் வாயால் சொல்லக் கேட்டு எழுதப்பட்டவை. யானாகிதா முதலில் 350 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். ஜப்பானிய நாட்டாரியலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அவர் எழுதியது இறுக்கமான இலக்கிய நடை. அதில் அந்த ‘ஸுமோனா’வைத் தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

பொது ஜப்பானியத்தில் அதே வேலையைச் செய்வது ‘தோ ஸா’. ‘இமாஷிதா’ என்றால் இருந்தார்கள். ‘இமாஷிதா தோ ஸா’ என்றால் இருந்தார்களாம். நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னார்கள், உனக்குச் சொல்கிறேன். என் அம்மாச்சி கதை சொல்லும்போது ஒரு வாக்கியத்தில்கூட இந்த ‘ஆம்’ தவறாது. ‘வந்தானாம், கேட்டானாம், அழுதானாம்.’ பள்ளிக்கூடத்தில் கதையை எழுதச் சொன்னபோது நான் அதையெல்லாம் நீக்கிவிட்டு ‘வந்தான், கேட்டான்’ என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாச்சி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நீ என்னமோ பக்கத்துல நின்னு பாத்தவ மாதிரி சொல்ற” என்றார். அது எவ்வளவு நுட்பமான திருத்தம் என்று புரிய எனக்குத் தோனோ வரை போக வேண்டியிருந்தது.

எந்தப் புத்தகம் என்று கேட்டிருந்தீர்கள். வாங்கிய அந்த 110 யென் புத்தகமேதான். அதை வாய்விட்டுப் பத்து முறை படித்துவிட்டு, பக்கத்து நூலகத்துக்குப் போய் 388 என்ற எண் ஒட்டிய அலமாரியைப் பாருங்கள், பழங்கதைத் தொகுப்புகள் அங்கேதான் இருக்கும். படக்கதை அலமாரியில் இன்னும் இரண்டு மொமொதாரோவாவது கிடைக்கும். பீச் பழத்தைப் பிளந்து குழந்தை வெளியே வந்ததும் அந்தக் கிழவி என்ன சொல்கிறாள் என்று மூன்றிலும் பாருங்கள். மூன்று வரிகளையும் கையால் எழுதி எனக்கு அனுப்புங்கள். மொழிபெயர்க்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா