ஹெல்சிங்கி – டோக்கியோ: 7,800 கி.மீ.க்கு ஏன் 13 மணி நேரம்?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு வரைபடத்தில் சுமார் 7,800 கி.மீ. என்று வருகிறது, டிக்கெட்டில் 13 மணி நேரம் போட்டிருக்கிறார்கள், எது தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான்.

ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். டோக்கியோவுக்கு 2019-இல் போனபோது ஒன்பதரை மணி நேரம் ஆனது. 2023-இல் பதின்மூன்று.

7,800 என்பது பூமி உருண்டையின் மேல் நூல் வைத்து அளந்த தூரம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஏற்றம் இறக்கத்தையும் சேர்த்தால் ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த நூல் பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் போகிறது. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 பிப்ரவரி இறுதியில் பின்லாந்து தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. ஒரு போர் எத்தனையோ பேரின் வீட்டையும் உயிரையும் பறித்திருக்கும்போது நமக்கு மூன்றரை மணி நேரம் கூடியதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்னேரின் விமானங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, தெற்கே இறங்கி கருங்கடல், காஸ்பியன், கஜகஸ்தான், சீனா, கொரியா வழியாக. மற்றொன்று, நேரே வட துருவத்துக்கு ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கி, பசிபிக் மேலாக. அறுபதாவது அட்சரேகையில் இருக்கும் ஹெல்சிங்கியிலிருந்து துருவம் முப்பது பாகை. பாகைக்கு 111 கி.மீ. என்றால் அதற்கே 3,300 கி.மீ. போய்விடுகிறது. உயரத்தில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால், டோக்கியோ போகும்போது பெரும்பாலும் தெற்கு வழி, திரும்பும்போது எதிர்க்காற்றைத் தவிர்க்கத் துருவ வழி.

இது புதிய வழியும் அல்ல. சோவியத் வான்வெளி தனக்குத் திறக்காத 1983-இலேயே ஃபின்னேர் டிசி-10 விமானத்தில் துருவத்தைச் சுற்றி நிற்காமல் டோக்கியோ போனது. அப்போதும் ஏறக்குறைய 13 மணி நேரம்தான்.

டிக்கெட்டில் ஒன்றைக் கவனியுங்கள். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் ஜப்பான் ஏழு மணி நேரம் முன்னால், கோடையில் ஆறு. குளிர்காலத்தில் மாலை 5.30-க்குக் கிளம்பி மறுநாள் பகல் 1.30-க்குச் சேர்வதாக இருந்தால், இடைவெளி இருபது மணி நேரம்; அதில் ஏழு மணி நேரத்தைக் கழியுங்கள், பதின்மூன்று.

ஜூனில் திரும்புவதாக இருந்தால் ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2023 ஜூனில் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து இரவில் கிளம்பினோம். துருவத்துக்கு அருகே ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு தூக்கினேன். கண் கூசும் வெயில். கீழே வெள்ளைப் பனி, அதில் மண்சட்டி விரிசல் போலக் கறுப்பாகத் தண்ணீர்க் கோடுகள். பக்கத்து இருக்கையில் இருந்த ஜப்பானியப் பாட்டி என் தோளைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.