அல்பைசின்: முழங்கால் வலியோடு பார்க்க முடியுமா?

கேள்வி: ஸ்பெயினின் கிரனாடாவில் காலையில் அல்ஹம்ப்ரா அரண்மனை பார்க்கிறோம். எதிர்க்குன்றில் இருக்கும் பழைய மூர் (அந்நாளில் அங்கே ஆண்ட முஸ்லிம்கள்) குடியிருப்பான அல்பைசினுக்கு மாலையில் போக ஆசை. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. சரிப்படுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் “பஸ்ஸில் ஏறி, நடந்து இறங்குங்கள்” என்று பலரும் சொல்வது உங்கள் அம்மாவுக்கு ஆகாது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் மூட்டு அதிகம் படுத்தும். அங்கே சந்துகள் முழுக்கக் கூழாங்கல் பதித்தவை. ஆகவே இரண்டு வழிக்கும் பஸ்தான். பிளாசா நுயேவா சதுக்கத்தில் சி31 மினி பஸ் ஏறி, சான் நிக்கோலாஸ் பக்கம் இறங்குங்கள். உச்சிப் பகுதியில் நடை குறைவு, மெதுவாகச் சுற்றலாம்.

சான் நிக்கோலாஸ் திடலிலிருந்து அல்ஹம்ப்ராவும் பின்னால் சியெரா நெவாதா மலையும் தெரியும். சூரியன் மறையும் நேரத்தில் கூட்டம் நெரியும், கைப்பை பத்திரம். ஒரு மணி நேரம் முன்பே போனால் அம்மா உட்கார இடம் கிடைக்கும். படம் எடுத்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். அதே திடலில் இருக்கும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அல்ஃபகார் ஊற்றிலிருந்து ஐனதமார் என்ற வாய்க்கால் குன்றின் மேல்வழியாகவே தண்ணீர் கொண்டுவந்து, இப்படிப்பட்ட தொட்டிகளை நிரப்பியது. ஐனதமார் என்றால் கண்ணீர் ஊற்று. இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் இன்னும் இருக்கின்றன. இவ்வளவு உயரத்தில் ஒரு ஊர் எப்படிப் பிழைத்தது என்பதற்கு இதுவே விடை. எனக்கு அரண்மனையைவிட இந்தத் தொட்டிகள் மேல்தான் பிரியம்.

அங்கிருந்து பேசாஸ் வளைவு பக்கம்தான். 11ஆம் நூற்றாண்டுக் கோட்டைவாசல். எதிரி நேரே பாய்ந்துவிடாதபடி உள்ளே மடங்கித் திரும்பும். கள்ள எடை போட்ட வியாபாரிகளிடம் பறித்த எடைக்கற்களை அதில் மாட்டியிருக்கிறார்கள். பேசாஸ் என்றால் எடைகள், அதனால் அந்தப் பெயர்.

அருகிலுள்ள சல்வதோர் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். பெரிய பள்ளிவாசல் இருந்த இடம் அது. 1492இல் நகரம் கிறிஸ்தவ அரசர்களிடம் சரணடைந்தபோது முஸ்லிம்களின் வழிபாட்டுக்குத் தந்த வாக்குறுதி பத்தாண்டுகூட நிற்கவில்லை. கட்டாய மதமாற்றத்தை எதிர்த்து 1499இல் கிளர்ச்சி வெடித்ததும் இதே அல்பைசினில்தான். பள்ளிவாசலின் முற்றம் மட்டும் குதிரைலாட வளைவுகளோடு இன்னும் நிற்கிறது. அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள்.

பஸ்ஸில் இறங்கிய பிறகும் அம்மாவுக்குத் தெம்பிருந்தால் தார்ரோ ஆற்றோரச் சாலையில் நடக்கலாம். அது கிட்டத்தட்ட சமதளம். அந்தக் குறுகிய சாலையில் பஸ்ஸும் டாக்ஸியும் உரசிக்கொண்டு போகும், அம்மாவைச் சுவரோரமாக நடக்கவிடுங்கள்.