அப்பா ஏன் சுவர்ப் பக்கம் திரும்புகிறார்?

கேள்வி: பக்கவாதம் வந்து அப்பா எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். டயபர், யூரின் பேக் எல்லாம் மனைவிதான் பார்க்கிறாள். அந்த அறை வாடை பட்டாலே எனக்குக் குமட்டுகிறது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசலில் நின்றே "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பேன். கூடத்துக்கு வந்ததும் வயிறு சரியாகிவிடும். இப்போதெல்லாம் அவர் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பாசம் இல்லாமல் இல்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வயது 44

பதில்: பாசம் இருக்கட்டும் தம்பி. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதைச் சொல்லுங்கள். நோயில் வந்த சலிப்பு என்றா நினைத்தீர்கள்? உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்புகிறார்.

வயிற்றுப் புரட்டலை அருவருப்பாக மாற்றுவதில் மூளையின் இன்சுலா என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. கெட்ட வாடையை முகரும்போது இயங்கும் அதே இடம், இன்னொருவர் அருவருப்பில் முகம் சுளிப்பதைப் பார்த்தாலே இயங்குகிறது என்று 2003-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் சுளிப்பு அப்பாவுக்குள்ளும் இறங்குகிறது. தன் உடம்பையே அவர் வெறுக்கும்படி செய்துகொண்டிருக்கிறீர்கள்.

குமட்டலுக்காக உங்களைத் திட்ட மாட்டேன். மற்ற புலன்களைப் போலச் சுற்றிப் போகாமல், வாடை நேரே மூளையில் உணர்ச்சிகளைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியைத் தொட்டுவிடும். யோசிக்க நேரமே இராது. ஆனால் கூடத்துக்கு வந்ததும் கிடைக்கிற நிம்மதிதான் உங்களைக் கெடுக்கிறது. ஓடினால் சுகம் என்று மூளை ஒவ்வொரு முறையும் படித்துக்கொள்கிறது. எட்டு மாதமாக நீங்களே அதற்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு மட்டும் மூக்கு இல்லையா? அவர் ஓடவில்லை, அவ்வளவுதான். அப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது மகனின் கடமை. மருமகள் உதவலாம்; மொத்தத்தையும் அவர் தலையில் கட்டியது தப்பு.

நாளைக் காலை கைக்குட்டை இல்லாமல் உள்ளே போங்கள். ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். குமட்டல் ஏறும்போது எழுந்து வராதீர்கள். ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் மூக்கே பழகிவிடும். அடங்கிய பிறகு வெளியே வாருங்கள். வாந்தி வந்தால் எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்து, மறுபடி உள்ளே போங்கள். பழைய பாடம் அழியாது, அதன் மேல்தான் புதியது படியும். அதனால் ஒரு நாளும் விடாதீர்கள்.

முதலில் ஷேவ் செய்துவிடுங்கள். அவர் முகத்தைக் கையில் ஏந்தினால் சுவர்ப் பக்கம் திரும்ப முடியாது. அப்புறம் டயபர் மாற்ற மனைவியிடம் கற்றுக்கொண்டு, ராத்திரி வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டாரா என்று இனி வாசலில் நின்று கேட்க வேண்டாம். தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.