செம்பு அடிக்க ஆசைப்படும் பையன்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் எடுத்த உங்கள் பையன், செம்புத் தகட்டில் சிற்பம் செய்யப்போகிறேன் என்று நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படி நின்றால் எந்த வீட்டிலும் தூக்கம் வராதுதான். எஸ். நந்தகோபாலைப் பற்றி அவனோடு சேர்ந்து நீங்களும் படித்துப் பாருங்கள். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு ஓவியக் கல்லூரிக்குப் போனவர். செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்தவர். பி.வி. ஜானகிராம் தகட்டைத் தட்டி உருவம் எழுப்பினார். இருவருமே சென்னை அருகே 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். கோயிலில் சாமிக்குச் சாத்தும் கவசம் இருக்கிறதே, அந்தத் தகட்டு வேலைக்கு நெருங்கிய சொந்தம் இது.

ஆனால் ஆசை வேறு, கை வேறு. விண்ணப்பம் போடும் முன் அவன் ஒரு மாதம் பாத்திரப் பட்டறையில் உட்காரட்டும். டவுனில் பழைய குடத்துக்கு ஒடுக்கு எடுக்கும் பெரியவர் யாராவது கிடைத்தாலும் போதும். அடிக்க அடிக்கச் செம்பு இறுகிக்கொண்டே போகும். விடாமல் தட்டினால் விளிம்பில் கீறிவிடும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். எஃகென்றால் அப்படிச் செய்தால் விறைத்துப்போகும். எப்போது நிறுத்திக் காய்ச்ச வேண்டும் என்பதைச் சுத்தியல் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார்கள் பழைய ஆட்கள். அதை எந்தக் கல்லூரியும் நாலு சுவருக்குள் முழுதாகக் கொடுத்துவிட முடியாது. காதுக்கு அடைப்பான் மட்டும் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.

படிப்பு என்றால் சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகள், அப்புறம் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி. சேர்வதற்கு வரையத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் வரையச் சொல்லுங்கள்.

வருமானத்தை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சிற்பம் விற்றுக் குடும்பம் நடத்தப் பல வருடம் ஆகலாம். அதுவரை கவசம், கோயில் வாகனங்களுக்குத் தகடு போர்த்துவது, ஹோட்டல் சுவருக்கு அலங்காரத் தகடு, பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை என்று ஏதாவது ஒன்று சோறு போட வேண்டும். அதைக் கேவலமாக நினைக்காத பிள்ளை என்றால் எனக்குப் பயமில்லை.

தாமிரபரணித் தண்ணீர் குடித்து, நடராஜரின் தாமிர சபை உள்ள திருநெல்வேலியில் வளர்ந்த பிள்ளைக்குச் செம்பின் மேல் கண் போனதில் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஒரு மாதம் கழித்து, ஒட்டுப்போடாமல் ஒரே தகட்டில் அவன் தட்டிய கிண்ணத்தோடு வரச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் சரி. அதை வைத்துக்கொண்டு மூன்று பேரும் பேசலாம்.