சாவி க்ளோஸ்-அப் காட்டிக்கொடுத்த கொலையாளி

வணக்கம்.

நண்பர்கள் சேர்ந்து 14 நிமிடக் குற்றக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். முதியவர் ஒருவர் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். மகன், பணிப்பெண், பக்கத்து வீட்டுக்காரர் என்று மூவர்மீது சந்தேகம். ரஃப் கட் (முதற்கட்டத் தொகுப்பு) பார்த்த பத்துப் பேரில் எட்டுப் பேர் நான்காவது நிமிடத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர்தான் என்றுவிட்டார்கள். இரவு நேர வராந்தாக் காட்சியில் படம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வேறு. சுடும் காட்சியை இனிமேல்தான் எடுக்க வேண்டும், கையில் ஒரே நாள். ரஃப் கட்டை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் ரகசியத்தை உடைப்பது சாவி. பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கொத்தை மேசையில் வைக்கும்போது நான்கு நொடி க்ளோஸ்-அப். அதுவரை எந்தப் பொருளையும் நீங்கள் நெருங்கிக் காட்டவில்லை. என்ன பொருள் என்பதைவிட, அதை எவ்வளவு பெரிதாக, எத்தனை நொடி காட்டுகிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பவர் கணக்கில் வைக்கிறார்.

அந்த ஷாட்டை எடுத்துவிடுங்கள். முந்தைய வைட் ஷாட்டிலேயே அவர் சாவியை வைப்பது தெரிகிறது, அதே சமயம் மகன் குரலை உயர்த்துவதால் கண் அவன் பக்கம் போய்விடும். மாத்திரை அட்டைக்கும் பணிப்பெண்ணின் கைப்பைக்கும் தலா ஒன்றரை நொடி க்ளோஸ்-அப் கொடுங்கள். புதிதாக எடுக்க வேண்டாம். 4கே-யில் எடுத்த ஷாட்டை, அகலத்திலும் உயரத்திலும் அதில் பாதியான 1080பி அளவில் எடிட் செய்யும்போது இரண்டு மடங்குவரை பெரிதாக்கலாம், ஃபோகஸ் அந்தப் பொருளில் இருந்தால் போதும்.

இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதையில் வேறு வேலையே இல்லை. சும்மா வந்துபோகிறவரைத்தான் குற்றக்கதை ரசிகர் முதலில் பிடிப்பார். ஆம்புலன்ஸை அழைக்கும் குரல் திரைக்கு வெளியேதான் கேட்கிறது, அதை இவர் குரலில் டப் செய்துவிடுங்கள்.

ஆனால் நானாக இருந்தால் ஒளிக்கவே மாட்டேன். மூவரையும் சரிசமமாகச் சந்தேகிக்க வைக்க 14 நிமிடம் பற்றாது. கொலையாளி யாரென்பதை இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டு, மாட்டுவாரா மாட்டாரா என்று கொண்டுபோங்கள். அப்போது அந்தச் சாவி க்ளோஸ்-அப் இருந்தே ஆகவேண்டும். போலீஸ்காரரின் பார்வை அதில் படுமோ என்ற பதைப்புக்கு நான்கு நொடிகூடப் போதாது.

வராந்தாக் காட்சியை இருட்டாகவே பதிவுசெய்து, கிரேடிங்கில் (நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு சரிசெய்யும் கட்டத்தில்) வெளிச்சம் ஏற்றியிருக்கிறீர்கள். நாய்ஸ் அதனால்தான். ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு வெளிச்சம் பதிவாகும்படி எடுத்து, பிறகு கிரேடிங்கில் இறக்குங்கள். விளக்கை நடிகருக்குப் பின்னால் வையுங்கள், உருவம் இருட்டிலிருந்து பிரிந்து தெரியும். எல்இடி விளக்கு மினுக்காமல் இருக்க கேமராவின் ஷட்டர் வேகம் மின்சார அதிர்வெண்ணோடு பொருந்த வேண்டும்: 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 நொடி, 60 என்றால் 1/60 நொடி.

சுடும் காட்சிக்கு ரப்பர் துப்பாக்கி மட்டுமே. 2021இல் நியூ மெக்ஸிகோவில் ஒரு படப்பிடிப்பில், ஆபத்தில்லை என்று நம்பிய துப்பாக்கியில் உண்மையான தோட்டா இருந்ததால் ஒளிப்பதிவாளர் இறந்தார். பிளாங்க் (குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள தோட்டா) கூட வேண்டாம், அருகில் வெடித்தால் அதுவும் உயிரெடுக்கும். வெளியிடத்தில் எடுப்பதாக இருந்தால் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

தீப்பொறியை எடிட்டில் ஒரே ஒரு ஃபிரேமுக்குச் சேருங்கள். அதே ஃபிரேமில் நடிகரின் முகமும் பின்சுவரும் பளிச்சிட வேண்டும், இதை விட்டால் பொறி ஒட்டவைத்ததுபோல் இருக்கும். வெடிச்சத்தம் அடங்கியதும் அந்த அறையின் வெறும் ஒலி தேவைப்படும். படப்பிடிப்பன்று எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் பதிவுசெய்து வையுங்கள்.