மாமனாரும் மொட்டை டயரும்

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. இன்னும் தானே கார் ஓட்டுகிறார். டயர்கள் நாலும் மொட்டை. மாற்றச் சொன்னால், "உராய்வு பரப்பளவில் தங்கியிருக்காது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தேன், பள்ளம் தேய்ந்தால் என்ன?" என்கிறார். இரவில் எதிரே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம். அதற்கு மருந்து தினமும் கரட் சாறு! அவருக்கு விளங்கும்படி சொல்லுங்களேன்.
– ஒரு மருமகள், வெள்ளவத்தை

பதில்: மாமனார் பாடத்தை மறக்கவில்லை. முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

1699இல் பிரான்சுக்காரர் அமொந்தோன் சொன்ன விதி அது. மரக்கட்டையை மேசையில் படுக்கவைத்து இழுத்தாலும் நிறுத்திவைத்து இழுத்தாலும் உராய்வு ஒன்றுதான். எந்தப் பரப்பும் நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. மேட்டு நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. படுக்கவைத்தால் நுனிகள் அதிகம், ஒவ்வொன்றிலும் விழும் பாரம் குறைவு. நிறுத்திவைத்தால் நேர்மாறு. கடைசியில் கணக்கு சரியாகிவிடும்.

ஆனால் இது உலர்ந்த, கடினமான பொருட்களின் கதை. ரப்பர் நசியும், தாரில் பதிந்த கற்களின் இடுக்குகளுக்குள் இறங்கிப் பிடிக்கும். அதனால் அமொந்தோன் விதிக்கு அது அப்படியே கட்டுப்படாது. காய்ந்த வீதியில் வழவழப்பான டயர் நன்றாகவே பிடிக்கும், பந்தயக் கார்களில் அதைத்தான் போடுகிறார்கள். (மாமனாருக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தில் மூச்சு வாங்காதீர்கள், உடனே அடுத்த பந்திக்குப் போய்விடுங்கள்.)

டயரின் பள்ளம் மழைக்காக வெட்டியது. சக்கரத்தின் கீழ் சிக்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. வழி தேய்ந்துபோனால் தண்ணீர் ரப்பருக்கும் வீதிக்கும் நடுவே படுத்துக்கொள்ளும். அப்போது டயர் தொடுவது வீதியை அல்ல, தண்ணீரை. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழை இன்னும் மோசம். வீதியில் படிந்த தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு கலந்து வழுக்கும்.

அவர் கணக்கில் கெட்டிக்காரர் போலிருக்கிறது, இதையும் போட்டுப் பார்க்கட்டும். 40 கிலோமீற்றர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்த ஒரு செக்கன் ஆனால் அதற்குள் கார் 11 மீற்றர் போய்விடும். உராய்வுக் குணகம் (டயருக்கும் வீதிக்கும் உள்ள பிடிப்பின் அளவு) 0.7 என்றால் நிற்க மேலும் 9 மீற்றர். மழையில் அந்தக் குணகம் பாதியாகக் குறைந்தால் 18 மீற்றர். முன்னால் போகும் பஸ் எங்கே, எப்போது நிற்கும் என்று வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி கரட். கதை முழுப்பொய் அல்ல. மங்கிய வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் கோல் கலங்கள். அவற்றின் நிறப்பொருளான ரொடொப்சினுக்கு விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தவருக்கு மாலைக்கண் வரும், கொடுத்தால் தீரும். குறையில்லாதவர் குடம் குடமாகக் குடித்தாலும் பார்வை ஒரு துளி கூடாது, தோல்தான் மஞ்சளாகும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானிகள் இருட்டில் எதிரியைச் சுடுவது கரட்டின் மகிமை என்று அந்நாட்டு அரசு பரப்பியது. விமானத்தில் ரேடார் இருந்ததை மறைக்க அது வசதியாக இருந்தது.

மாமனாரின் முறைப்பாடு இருட்டே அல்ல, கூச்சம். வயதாக ஆகக் கண்மணி இருட்டில் முன்போல விரிவதில்லை, கண்ணின் வில்லையும் மஞ்சளித்து மங்கும். கண்புரை தொடங்கியிருந்தால் எதிர் வாகனத்தின் வெளிச்சம் வில்லைக்குள் சிதறி விழித்திரை முழுதும் பரவும். நடுவே வீதியைக் கடக்கும் ஆள் தெரியமாட்டார். கண்புரைக்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது, சாறு இல்லை. வேறு காரணமும் இருக்கலாம், அதைக் கண் வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தேசிய கண் வைத்தியசாலை கொழும்பிலேயே இருக்கிறது, வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ் தூரம். அவர் போய்க் காட்டிவிட்டு வரும்வரை, மாலை ஆறு மணிக்குப் பிறகு கார் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.